வளவு வாழ்வும் கைப்பணியும்

யாழ்ப்பாணத்து வீட்டைச் சூழ்ந்த நிலத்தை நாம் வளவு என்கின்றோம். வேலியும் கிணறும், சில பனையும் தென்னையும், ஓர் ஆட்டுக்கொட்டிலும், முற்றத்திலே கிளறித் திரியும் கோழிகளும் ஆகிய எல்லாங் கூடிய முழுமைக்கே அப்பெயர் உரியது. வளவிலே சிற்றுயிர்களை வளர்த்தலும், ஓலை, நார், தும்பு என்பவற்றாற் பொருள் செய்தலும் முன்னாளில் வாழ்வுக்கு இன்றியமையாத தொழில்களாக விளங்கின. இந்நாளிலே அவற்றைப் பொழுதுபோக்காக மேற்கொள்ள விரும்புவோர் உளர். அவ்விருப்பம் நன்றே. ஆயினும், ஆடு வேறு, ஓலை வேறு எனப் பிரித்துத் தொடங்குவோர் விரைவில் மனஞ் சலிப்பர். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விணைப்புப் புதியதன்று. மழைத்தூவலிலே கோலூன்றி நின்று, சீழ்க்கையொலியால் ஆட்டுமந்தையைக் காக்கும் பால்விலை இடையன் ஒருவனை நற்றிணை நமக்குக் காட்டுகின்றது. அவனிடத்தே உறி உண்டு; முதுகிலே பறி உண்டு. பறி என்பதற்குப் பனையோலைப் பாய் என உரைகாரர் பொருள் கூறுவர். ஆடு காப்பவனுக்கு ஓலையும் கயிறும் உறுதுணை என்பதை அப்பழம்பாட்டே உணர்த்துகின்றது.

முதலில் ஆட்டை நோக்குவோம். சிறு வளவுக்கு இரண்டு மறியாடுகள் போதும். ஒற்றை ஆடு தனிமை பொறாது கத்திக்கொண்டே இருக்கும். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஈன்ற சில மணி நேரத்துள் குட்டி கடும்புப்பாலைக் குடித்தல் வேண்டும். நோயைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு அப்பாலினாலேயே கிடைக்கின்றது. ஆடு குளிரைப் பொறுக்கும், ஈரத்தைப் பொறாது. ஆகவே கொட்டிலின் தளம் நிலத்தினின்றும் உயர்ந்து, பிழுக்கையும் சிறுநீரும் கீழே விழத்தக்க இடைவெளியுள்ள சட்டங்களால் அமைந்திருத்தல் நலம்.

ஓர் ஆடு நாளொன்றுக்குத் தன் உடல்நிறையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு பச்சைக்குழை உண்ணும். அக்குழையை யார் தருவது? வேலி தரும். பூவரசு, கிளுவை, கிளிசரியா, முள்முருக்கு என நம் முன்னோர் வேலிக்கு நட்ட கதியால்கள் எல்லைக்காவல் மட்டுமல்ல. அவை உயிருள்ள தீவனக் களஞ்சியம். குழையைக் கட்டி ஆட்டின் தலையுயரத்திலே தூக்கிவிடும் வழக்கத்திலே ஆழ்ந்த அறிவு உண்டு. ஆடு மிதித்த குழையைத் தின்னாது. நிலத்திலே கிடக்கும் குழையிற் குடற்புழுக்களின் முட்டையும் சேரும். இப்பில்-இப்பில் இலை சத்துள்ளதாயினும், அதனையே மிகுதியாக இட்டால் மயிர் உதிரும். ஆதலால் பிற குழைகளோடு கலந்தே இடல் வேண்டும். மரவள்ளி இலையை வெயிலில் நன்கு வாடவிட்ட பின்பன்றிக் கொடுத்தலாகாது. பச்சையிலையில் நஞ்சு உண்டு.

இவ்விடத்திலே சைவ இல்லத்தார் முன்கூட்டியே எண்ண வேண்டியதொன்று உளது. பால் வேண்டின் ஆடு ஈனல் வேண்டும். ஈனுங் குட்டிகளிற் பாதியளவு கிடாயாகவே இருக்கும். அக்கிடாய்கள் பாலும் தாரா. வளவிலே பெருகவும் இயலா. விற்றால் அவை எங்கே செல்லும் என்பதை யாவரும் அறிவர். புலால் மறுத்த வீட்டார் இதனை அறியாதார்போல ஆட்டை வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துதல் தகாது. ஆண்டுதோறும் சினைப்படுத்தாது இடைவெளி விடலாம். ஒன்றிரண்டு கிடாய்களை நலந்தட்டி எருவுக்காகவே வளர்க்கலாம். அன்றேல் ஆட்டை விடுத்துக் கோழியோடு அமையலாம். எம் கருத்தில், இவ்வினாவுக்குத் தம் மனச்சான்று ஏற்கும் விடையைக் கண்டவரே ஆடு வளர்த்தற்கு உரியவர்.

கோழிக்கு இத்துணை இடர் இல்லை. நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடைகாத்து 21 நாளிற் குஞ்சு பொரிக்கும். பருந்துக்கும் காகத்துக்கும் அஞ்சிக் குஞ்சுகளைக் கரப்பினால் மூடுவர். பொச்சுமட்டைத் துண்டுகளையும் மக்கிய காவோலையையும் ஈரப்படுத்திப் பானையில் இட்டு, நிலத்திலே கவிழ்த்து வைத்தால் சில நாளிற் கறையான் பிடிக்கும்; அது குஞ்சுகளுக்குச் சிறந்த உணவாகும். கூட்டத்தையே அழிக்கவல்லது இராணிக்கட் என்னும் நோய். அது கண்டபின் மருந்தில்லை. முன்னரே தடுப்புமருந்து ஏற்றுதலே வழி.

நிற்க, ஓலைக்கு வருவோம். பனையின் குருத்தோலையை வெயிலிலே காயவைத்து, ஈர்க்கினை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, பின்னுமுன் சிறிது ஈரப்படுத்தல் வேண்டும். ஈரமற்ற ஓலை முறியும். மிகுந்த ஈரமுள்ள ஓலை காய்ந்தபின் சுருங்க, இழை தளரும். இவ்வளவை அளக்கக் கருவி கிடையாது, விரலே அறியும். குருத்தோலையிற் பெட்டியும், புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியும் ஆகும். சார்வோலையால் இரட்டையாக இழைத்து, மட்டையினின்றும் உரித்த நாரினால் விளிம்பு பொத்திய கடகம், எருவும் குழையும் சுமந்து பல நாள் உழைக்கும். ஒரு மரத்திலேயே மீண்டும் மீண்டும் குருத்தை வெட்டினால் மரம் நலிவுறும்; மாறி மாறி வெட்டுவதே முறை.

தென்னந்தும்புக்குப் பொறுமை வேண்டும். பொச்சினை உவர்நீர்க் கரையிலே பல மாதம் புதைத்து ஊறவிடுவர். தும்பை ஒட்டிப் பிடித்திருக்கும் பசைப்பொருளை நுண்ணுயிர்கள் கரைத்துவிட, தட்டியதும் தும்பு பிரியும். கயிறு திரித்தலின் நுட்பம் மிக எளியது. எளியதாதலால் நாம் அதனை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்குகின்றோம். பின்னர் இரு புரிகளையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குகின்றோம். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்க்க முயல்கையில் மற்றதனை இறுக்குகின்றது. ஆகவே கயிறு தன்னாற்றானே கட்டுண்டு நிற்கின்றது. பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர் ஒரு பிடி தும்பைக் கொண்டே இதனை வகுப்பிற் காட்டலாம்.

இனி இவற்றைத் தொகுத்து நோக்குக. வேலிக்குழையை ஆடு உண்கின்றது. ஆட்டெரு பயிருக்கும் மரத்துக்கும் உரமாகின்றது. மரம் தந்த ஓலை கடகமாகிக் குழையையும் எருவையும் சுமக்கின்றது. பொச்சின் கழிவு கோழிக்கு உணவாகின்றது. தும்பு ஆட்டின் கயிறாகின்றது. இவ்வட்டத்தில் எங்கேனும் ஒரு கண்ணி அற்றால் மற்றவை செலவாக மாறிவிடும். வேலியை வெட்டி மதில் எழுப்பியவர் குழையை விலைக்கு வாங்குகின்றார். பிளாஸ்டிக் கூடையும் நைலோன் கயிறும் வாங்கியவர் ஓலையைக் குப்பையென எரிக்கின்றார்.

கண்ணிகள் அற்றமைக்குக் காரணங்கள் பல. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. மக்கள் வளவுகளை விட்டுப் பெயர்ந்தனர். ஆயினும் போருக்கு முன்னரே தொடங்கிய காரணம் ஒன்று உண்டு. படித்தவன் கையால் தொழில் செய்யலாகாது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியது. ஓலை இழைப்பதை வறுமையின் அடையாளமாகவும், பனைத்தொழிலைச் சாதிக்கண் கொண்டும் நோக்கினோம். கதர்நிதி திரட்டும்பொருட்டு 1927 நவம்பரிலே காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். கையால் நூல் நூற்றும் ஆட்டுப்பால் அருந்தியும் வாழ்ந்த பெரியாரை மாலையிட்டு வரவேற்ற நாம், அவர் கைத்தொழிலுக்கு அளித்த மதிப்பை நம் வளவுக்குள் முழுமையாகக் கொண்டுவரவில்லை. 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனைசார் தொழில்களைப் பேண முற்பட்டது. எனினும், வீட்டுக்கு வீடு கைமாறி வந்த அறிவைச் சபை ஒன்றே காத்துவிட முடியாது. ஓலையின் ஈரத்தை விரலால் அறியும் முதியவர் மறையுந்தோறும், எந்நூலிலும் எழுதப்படாத பாடமொன்று மறைகின்றது.

ஆதலின், வளவு வாழ்வை விரும்பும் பழைய மாணவர் சிறிதாகத் தொடங்குக. வேலியில்லாதார் முதலில் கதியால் நடுக. அது தழைத்த பின் ஆடு வாங்குக. மாதக்கணக்கில் ஊர்விட்டுச் செல்வோர் உயிரினங்களை விடுத்து ஓலையோடும் கயிற்றோடும் அமைக. உயிர்களுக்கு விடுமுறை என்பது இல்லை. மாணவர்களே, வரும் விடுமுறையில் உங்கள் ஊரிலே பெட்டி இழைக்கத் தெரிந்த பாட்டியாரிடம் சென்று ஒரு பெட்டியைத் தொடக்கம் முதல் விளிம்பு பொத்தும்வரை இழைத்துப் பழகுங்கள். அவர் வழங்கும் சொற்களையும் ஏட்டிலே குறித்து வையுங்கள். சொல்லும் தொழிலும் ஒருங்கே பிழைக்கும்.