குவளை வைத்தியமும் வட்ட அடையாளங்களும்

2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்ஸின் தோள்களில் காணப்பட்ட வட்ட அடையாளங்கள், சீனரின் தொன்மையான குவளை வைத்தியத்தை உலகெங்கும் பேசவைத்தன. முஸ்லிம்கள் நன்கறிந்த ஹிஜாமாவும் இதனையொத்ததே.

கண்ணாடிக் குவளையினுள் தீச்சுவாலையைக் காட்டி, அகற்றி, உடனே தோலின்மீது கவிழ்ப்பர். உள்ளிருக்கும் சூடான காற்றுக் குளிர, அமுக்கம் குறைந்து தோல் மேலிழுக்கப்படுகின்றது. நுண்ணிய குருதிக் குழாய்கள் வெடித்துக் குருதி கசிகின்றது. கருஞ்சிவப்பு வட்டம் இக்கசிவின் அடையாளமேயன்றி, உடலிலிருந்து நஞ்சு வெளியேறியமைக்குச் சான்றன்று.

தசைவலி தற்காலிகமாகத் தணியலாமெனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும், குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் இதனைத் தவிர்த்தல் வேண்டும். தோலைக் கீறும் முறையில் தொற்றுநீக்கப்படாத கருவிகள் ஈரல் அழற்சியைப் பரப்பக்கூடும். வலியின் காரணத்தை வைத்தியரிடம் அறிந்த பின்னர் குவளையை நாடுவதே விவேகமாகும்.