மழை உருவாகும் விதம்

மழை என்பது மேகத்திலுள்ள நீர், துளிகளாகப் பெருத்துப் புவியீர்ப்பு விசையால் நிலத்தை வந்தடைவதாகும். கடல்நீர் ஆவியாகி மேலே சென்று, குளிர்ந்து மேகமாகி, மழையாகப் பொழிகிறது என்று தொடக்கப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அது சரிதான். ஆனால் மேகம் உண்டாவதும் மழை உண்டாவதும் இரு வேறு நிகழ்வுகள் என்பதை அந்த ஒற்றை வரி மறைத்துவிடுகிறது. வானில் நாம் காணும் மேகங்களில் பெரும்பாலானவை ஒரு துளியும் தராமலே கலைந்து போகின்றன. ஒரு மேகம் மழை மேகமாக மாறுவதற்கு என்ன நடக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மேகம் உண்டாதல்

காற்றில் எப்போதும் நீராவி கலந்துள்ளது. அது கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும் பாத்திரத்திலிருந்து வெண்மையாக எழுவதை நாம் ஆவி என்கிறோம். உண்மையில் அது ஏற்கெனவே குளிர்ந்து நீராகிவிட்ட நுண்துளிகளின் கூட்டம். மேகமும் அத்தகைய கூட்டமே.

நிலம் சூடாவதாலோ, மலை குறுக்கிடுவதாலோ, காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியை நோக்கி நாற்புறமிருந்தும் காற்று வந்து குவிவதாலோ ஈரக்காற்று மேலேறுகிறது. மேலே அழுத்தம் குறைவு. எனவே காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. சைக்கிள் டியூப்பின் வால்வை அழுத்தி, சீறி வரும் காற்றில் விரலை வைத்துப் பார்த்தால் இது புரியும். ஈரம் முற்றாத காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் குளிர்கிறது. ஓர் உயரத்தில் அது தெவிட்டுநிலையை அடைகிறது. அதற்கு மேல் நீராவி நீராக மாறத் தொடங்குகிறது. மேகங்களின் அடிப்பாகம் பலகையால் இழைத்ததுபோல் தட்டையாக இருப்பது இந்த உயரத்தைக் காட்டுகிறது.

நீராவி படிவதற்கு ஒரு பிடிமானமும் வேண்டும். தூசு, புகைத்துகள், அலைகள் உடைந்து காற்றில் கலக்கும் கடல் உப்பு ஆகியவை அதைத் தருகின்றன. இவற்றை ஒடுங்கு கருக்கள் என்பர். ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜான் எய்ட்கன் 1880களில் இதைத் தெளிவாக்கினார். வடிகட்டிய காற்றுள்ள கலத்திலும் சாதாரணக் காற்றுள்ள கலத்திலும் நீராவியைச் செலுத்தியபோது, தூசு இருந்த கலத்தில் மட்டுமே மூடுபனி உண்டானது. முற்றிலும் தூய்மையான காற்றில் மேகம் உண்டாக வேண்டுமானால் ஈரப்பதம் 100 சதவீதத்தைப்போல் பல மடங்கு ஆக வேண்டியிருக்கும்.

நுண்துளி ஏன் விழுவதில்லை?

மேகத்திலுள்ள ஒரு நுண்துளியின் விட்டம் சுமார் 0.02 மி.மீ. ஒரு சராசரி மழைத்துளியின் விட்டம் 2 மி.மீ. விட்டத்தில் 100 மடங்கு என்றால் கன அளவில் 10 லட்சம் மடங்கு. அதாவது, ஒரு மழைத்துளிக்குள் பத்து லட்சம் மேகத்துளிகள் அடங்கியுள்ளன.

நுண்துளிக்கும் எடை உண்டு, அதுவும் விழுகிறது. ஆனால் அதன் வேகம் நொடிக்கு ஒரு செ.மீ. அளவே. ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதற்குள் மேலெழும் காற்று அதைத் தூக்கிவிடும், அல்லது மேகத்துக்குக் கீழே வறண்ட காற்றில் அது ஆவியாகிவிடும். நீராவி மேலும் மேலும் படிந்தே அது மழைத்துளி ஆகட்டும் என்று காத்திருந்தால், மேகத்தின் ஆயுள் முடிந்துவிடும். எனவே வேறு வழி வேண்டும். இயற்கையில் இரண்டு வழிகள் உள்ளன.

மோதிச் சேர்தல்

எல்லாத் துளிகளும் ஒரே அளவில் இருந்தால் ஒரே வேகத்தில் விழும், ஒன்றையொன்று தொடாது. உப்புத்துகள் போன்ற பெரிய கருக்களின் மேல் உண்டான துளிகள் சற்றுப் பெரியவை. 0.04 மி.மீ. அளவை எட்டிய துளி மற்றவற்றைவிட வேகமாக இறங்கி, வழியில் உள்ள சிறு துளிகளை மோதிச் சேர்த்துக்கொள்கிறது. சேரச் சேர வேகம் கூடுகிறது. வேகம் கூடக்கூட மேலும் சேர்கிறது. உலைமூடியின் அடிப்பக்கத்தில் துளிகள் ஒன்றோடொன்று இணைந்து, கனத்துச் சட்டென்று வழிவதைப் பார்த்திருப்போம். மழைக்கு உலைமூடியை உதாரணம் காட்டும் ஆசிரியர்கள் பெரும்பாலும் குளிர்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த இணைதல்தான் அந்த உதாரணத்தின் சிறந்த பகுதி.

வெப்பமண்டலக் கடல்களின் மேலுள்ள மேகங்களில் இம்முறை எளிதாக நடக்கிறது. புகையும் தூசும் மிகுந்த காற்றில் கருக்கள் ஏராளம். இருக்கும் நீரை அத்தனையும் பங்கு போட்டுக்கொள்வதால் துளிகள் சிறுத்து, ஏறக்குறைய ஒரே அளவில் நின்றுவிடுகின்றன. கரு இல்லாவிட்டால் மேகம் இல்லை. கரு மிகுந்துவிட்டால் மழைக்குத் தடங்கல்.

பனிப்படிகம் வழியாக

நீர் 0 பாகையில் உறையும் என்பது மேகத்துக்குள் அப்படியே பொருந்துவதில்லை. நுண்துளிகள் -10, -20 பாகையிலும் நீராகவே இருக்கின்றன. சுமார் -40 பாகையில்தான் தாமாகவே உறைகின்றன. இத்தகைய மிகைக்குளிர் துளிகளுக்கு நடுவே ஒரு பனிப்படிகம் தோன்றினால் என்ன ஆகும்? -10 பாகையில், நீருக்குத் தெவிட்டுநிலையில் உள்ள காற்று, பனிக்குத் தெவிட்டுநிலையைவிட 10 சதவீதம் மிகுதியான ஈரம் கொண்டது. எனவே படிகம் நீராவியை இழுத்து வளர்கிறது. சுற்றியுள்ள துளிகள் ஆவியாகி அந்த இழப்பை ஈடுகட்டுகின்றன. சில நிமிடங்களிலேயே படிகம் கனத்து விழுகிறது. கீழே வெப்பமான காற்றில் உருகி மழைத்துளியாகிறது. கோடையில் நம் தலையில் விழும் இடிமழையிலும் கணிசமான பகுதி மேலே பனியாக இருந்ததே.

இதற்கான குறிப்பை ஆல்ஃபிரட் வெகனர் 1911-இல் எழுதினார். கண்டப் பெயர்ச்சிக் கொள்கையால் அறியப்பட்டவர் இவரே. மழையோடு இதைப் பொருத்தியவர் டோர் பெர்யரோன். 1922-இல் ஆஸ்லோ அருகே ஒரு குன்றில் தங்கியிருந்தபோது, ஊசியிலை மரங்களுக்கு இடையிலான பாதையில் ஒரு வேறுபாட்டைக் கண்டார். வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருந்த நாள்களில் மூடுபனி தரைவரை இறங்கியது. உறைநிலைக்குப் பல பாகைகள் கீழே இருந்தபோது பாதையில் மூடுபனி இல்லை. கிளைகளில் படிந்திருந்த பனி ஈரத்தை இழுத்துக்கொண்டது என்று அவர் ஊகித்தார்.

விழும் துளி

படங்களில் மழைத்துளியைக் கண்ணீர் வடிவில் வரைகிறோம். அது தவறு. சிறு துளிகள் உருண்டையானவை. 2 மி.மீ.க்கு மேல் பெருத்தால், எதிர்க்காற்றின் அழுத்தத்தால் அடிப்புறம் தட்டையாகி 'பன்' ரொட்டி போலாகும். 5 மி.மீ.க்கு மேல் பெரும்பாலும் உடைந்துவிடும். 2 மி.மீ. துளி நொடிக்கு 6 முதல் 7 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. காற்றுத் தடை இல்லையெனில் அது துப்பாக்கிக் குண்டுபோல் பாயும்.

துளிகளின் அளவை வகுப்பிலேயே அறியலாம். அமெரிக்கரான வில்சன் பென்ட்லி 1904-இல் வெளியிட்ட முறை இது. தட்டில் மைதாவைச் சலித்துப் பரப்பி, மழையில் ஓரிரு நொடிகள் காட்டி எடுக்க வேண்டும். துளி விழுந்த இடமெல்லாம் சிறு உருண்டைகளாகும். உலர்ந்தபின் சலித்தால் உருண்டைகள் மட்டும் மிஞ்சும், அளவுகோலால் அளக்கலாம். மாணவர்கள் ஒருமுறை செய்தால் மறக்கமாட்டார்கள்.

மேகம் நீர்மூட்டை அன்று

ஒரு கன மீட்டர் மேகத்தில் உள்ள நீர் பொதுவாக ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு வகுப்பறை அளவு மேகத்தைப் பிழிந்தால் ஒரு டம்ளர்கூட நிரம்பாது. ஓரிடத்தின் மேலுள்ள வளிமண்டல நீராவி முழுவதும் ஒரே நேரத்தில் மழையானாலும், பருவமழைக் காலத்தில்கூட 5 முதல் 7 செ.மீ. அளவே தேறும். ஆனால் 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. அத்தனை நீரும் ஊரின் மேல் சேர்ந்திருந்ததன்று. குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட காற்றுச் சுழற்சி, கடலிலிருந்து ஈரக்காற்றை இடைவிடாமல் கொண்டுவந்து அதே பகுதியில் மேலேற்றிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. பெய்வதை மேகவெடிப்பு என்கிறார்கள். மூட்டை கிழிந்து கொட்டியது என்ற எண்ணத்தை இச்சொல் உண்டாக்குவதால், எனக்கு இது பொருத்தமாகப் படவில்லை.

காற்று மேலேறுவது நின்றால் மழையும் நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது சின்னக்கல்லாறு நனைகிறது; மலையைக் கடந்து இறங்கும் காற்று சுருங்கிச் சூடாவதால், அதே மாவட்டத்திலுள்ள கோயம்புத்தூர் நகரம் மழை மறைவுப் பகுதியாகிறது.

செயற்கை மழை

1946-இல் வின்சென்ட் ஷேஃபர் விமானத்திலிருந்து மிகைக்குளிர் மேகத்தில் உலர்பனியைத் தூவினார். பனிப்படிகங்கள் உண்டாகி விழுந்தன. ஆனால் தரையை அடையுமுன் ஆவியாகிவிட்டன. பனிப்படிகத்தை ஒத்த அமைப்புடைய வெள்ளி அயோடைடு இதற்கு ஏற்றது என்று அதே ஆண்டில் கண்டறியப்பட்டது. தமிழக அரசும் 1983-இல் வறட்சியின்போது மேக விதைப்பை முயன்றது. இம்முறை மேகத்தைப் படைப்பதில்லை. இருக்கும் மேகத்தில் நுண்துளி மழைத்துளியாகும் கட்டத்தை மட்டும் தூண்டப் பார்க்கிறது. வெயில் காயும் வானில் எதைத் தூவியும் பயனில்லை. வெப்ப மேகங்களுக்கு உப்பு வகைகளைப் பயன்படுத்துகிறார்கள். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், மழை மறைவுப் பகுதியான சோலாப்பூரில் 2018, 2019 ஆண்டுகளில் விமானம் மூலம் கால்சியம் குளோரைடைப் புகையாக மேகங்களின் அடியில் செலுத்தி, விதைத்த மேகங்களையும் விதைக்காதவற்றையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது.