மெஷினைத் திருகுமுன் கொஞ்சம் கணக்கு

நமது வியாபாரிகளில் பலர் இப்போது மூடையில் வாங்கி மூடையில் விற்பதோடு நிற்பதில்லை. மிளகாய்த்தூள், கறித்தூள், தேயிலை, பருப்பு என்று சொந்தப் பெயரில் பக்கட் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். கடையின் பின்பக்கம் ஒரு நிரப்பும் மெஷின், அருகில் ஒரு டிஜிட்டல் தராசு, வேலைக்கு நாலைந்து பிள்ளைகள். காசு எங்கே கசிகிறது என்று கேட்டால் சரக்கு விலையையும் கரண்ட் பில்லையும் சொல்வார்கள். தராசைப் பார்த்துவிட்டு எடுக்கும் முடிவுகளால் கசிவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எந்த மெஷினும் எல்லாப் பக்கட்டையும் ஒரே நிறையில் நிரப்பாது. தூளின் ஈரம், தொட்டியில் மிஞ்சியிருக்கும் அளவு என்று பல சின்னக் காரணங்களால் ஒன்று அரைக் கிராம் கூடும், அடுத்தது முக்கால் கிராம் குறையும். இது மெஷினின் சுபாவம். ஆனால் ஒரு பாகம் தேய்ந்தாலோ, தூளின் அரைப்பு மாறினாலோ நிரப்பும் அளவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அது கோளாறு. இவை இரண்டையும் பிரித்தறிய வழி சொன்னவர் வோல்டர் ஷூவாட். அமெரிக்காவில் டெலிபோன் கருவிகள் செய்த வெஸ்டர்ன் இலக்ட்ரிக் கம்பனியில் வேலை செய்த இவர், 1924 மே மாதம் தனது மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார். முதலாவது கட்டுப்பாட்டு வரைபடம் அதில்தான் இருந்தது. நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். புள்ளி கோடுகளுக்குள் இருந்தால் மெஷினைத் தொடாதே, வெளியே போனால் காரணத்தைத் தேடு. அவ்வளவுதான்.

இதைப் படித்தவர்களும் மறக்கும் விடயம் ஒன்று உண்டு. இந்த முறை தவறே செய்யாது என்று ஷூவாட் சொல்லவில்லை. இதில் இரண்டு தவறு நடக்கலாம். கோளாறு இல்லாதபோது இருக்கிறது என்று நம்பி மெஷினைத் திருகுவது ஒன்று. கோளாறு இருக்கும்போது ஒன்றுமில்லை என்று சும்மா இருப்பது மற்றது. ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும்.

ஒரு பேச்சுக்கு 100 கிராம் மிளகாய்த்தூள் பக்கட்டை எடுப்போம். நிறை குறையாமல் இருக்க மெஷினை 102 கிராமில் வைத்திருக்கிறீர்கள். நிறை சிதறும் அளவு, அதாவது நியம விலகல், 1 கிராம். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 4 பக்கட்டை நிறுத்துச் சராசரியைக் குறிக்கிறீர்கள். நான்கின் சராசரி தனிப் பக்கட்டில் பாதியளவே சிதறும், 0.5 கிராம். அதன் மூன்று மடங்கில் கோடு போடுவது வழக்கம், ஆகவே 100.5 இலும் 103.5 இலும் கோடுகள். மெஷின் நன்றாக இருந்தாலும் 370 தடவைக்கு ஒரு தடவை புள்ளி வெளியே போகும். எட்டு மணித்தியால வேலைக்கு 16 தடவை என்றால் 23 வேலை நாளுக்கு ஒரு வீண் எச்சரிக்கை. இது தாங்கக்கூடியது.

இரண்டு மடங்கில் கோடு போட்டால் கவனம் கூடுமே என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். கூடும். ஆனால் 22 தடவைக்கு ஒரு வீண் எச்சரிக்கை வரும். ஒன்றரை நாளுக்கு ஒரு முறை மெஷினை நிறுத்தித் தேட வேண்டும். பத்து முறை தேடி ஒன்றும் அகப்படாவிட்டால், பதினோராவது முறை உண்மையான கோளாறு வரும்போது வேலை செய்யும் பிள்ளைகள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். மெஷின் அரைக் கிராம் கூடுதலாக நிரப்பத் தொடங்குகிறது. மூன்று மடங்குக் கோட்டில் அது பிடிபடச் சராசரியாக 44 தடவை, ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். நாளுக்கு 5,000 பக்கட் என்றால் அதற்குள் ஏழு கிலோ தூள் சும்மா போய்விடும். அரைக் கிராம் குறைந்தால் அதே மூன்று நாளும் பாவனையாளர் ஏமாறுவார். நமது பெயர் கெடும். 4 பக்கட்டுக்குப் பதில் 16 பக்கட்டை நிறுத்து, கோடுகளையும் அதற்கேற்பப் போட்டால், வீண் எச்சரிக்கை கூடாமலே 44 ஆறாக இறங்கும். இதற்கு விலை ஒரு பிள்ளையின் நேரம். ஏலக்காய்க்கு இது கட்டுபடியாகும். உப்புக்கு நான் செய்யமாட்டேன்.

ஆனால் நமது இடங்களில் நான் அதிகம் காண்பது இதைவிட மோசமானது. வரைபடமே இல்லாமல், ஒவ்வொரு பக்கட்டாக நிறுத்து, ஒரு கிராம் குறைந்தால் ஒரு கிராம் கூட்டுவது, கூடினால் குறைப்பது. முதலாளி பார்த்தால் பையன் கவனமானவன் என்பார். 1950இல் ஜப்பான் கைத்தொழில்காரருக்கு வகுப்பெடுத்த டெமிங், இப்படித் திருகுவதன் கெடுதியைப் புனலும் கோலிக்குண்டும் வைத்துக் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் குண்டு தவறிய தூரத்துக்குப் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்தினால், குண்டுகள் இன்னும் அதிகமாகச் சிதறும். நமது பக்கட்டில் 1 கிராம் சிதறல் 1.4 கிராம் ஆகும். கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் ஆயிரத்துக்கு 23 பக்கட் 100 கிராமுக்குக் கீழே போகும். திருகியதால் அது 79 ஆகும். மெஷினும் அதே, தூளும் அதே. பையனின் கவனம்தான் கெடுத்தது. அவனைக் குறை சொல்லவும் முடியாது. அப்படிச் செய்யச் சொன்னது நாம்தானே.

கோடு தாண்டுவதை மட்டும் பார்த்தால் போதாது என்று, புள்ளிகளின் போக்கைப் பார்க்கும் விதிகளை வெஸ்டர்ன் இலக்ட்ரிக் கம்பனியின் 1956ஆம் ஆண்டுக் கைநூல் தந்தது. உதாரணமாக எட்டுப் புள்ளி தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்தால் அதுவும் எச்சரிக்கை. நல்ல விதிகள்தான். ஆனால் நான்கையும் ஒன்றாகப் பிடித்தால் 370 என்பது 92 ஆகச் சுருங்கும். இலவசமாக ஒன்றும் கிடைப்பதில்லை.

ஒருமுறை எனக்குச் சரக்கு பக்கட் செய்து தரும் ஓர் இடத்துக்குப் போயிருந்தேன். சுவரில் வரைபடம் தொங்கியது. ஒரு மாதத்துப் புள்ளிகளும் சராசரிக் கோட்டிலேயே ஒட்டிக் கிடந்தன, மை எல்லாம் ஒரே நிறம். உரிமையாளர் பெருமையாகக் காட்டினார். எனக்கோ வயிற்றைக் கலக்கியது. உண்மையான மெஷினின் புள்ளிகள் மேலும் கீழும் ஆட வேண்டும். ஆடாவிட்டால் கோடுகளைப் பிழையாகக் கணித்திருக்க வேண்டும், அல்லது நிறுக்காமல் எழுதியிருக்க வேண்டும். அடுத்த ஓடரை நான் வேறிடத்தில் கொடுத்தேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. புள்ளி கோடுகளுக்குள் இருந்தால் சரக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். அந்தக் கோடுகள் மெஷின் வழக்கம்போல நடக்கிறதா என்று மட்டுமே சொல்லும். பக்கட்டில் அச்சடித்த 100 கிராம் நாம் கொடுத்த வாக்கு. மேலே சொன்ன மெஷின் ஒழுங்காக ஓடும்போதே ஆயிரத்துக்கு 23 பக்கட் அந்த வாக்குக்குக் குறைகிறது. அது போதாதென்றால் 103இல் வைத்து நாளுக்கு ஐந்து கிலோ கூடுதலாகக் கொடுக்க வேண்டும், இல்லையேல் சிதறல் குறைந்த மெஷின் வாங்க வேண்டும். இதை வரைபடம் தீர்மானிக்காது, முதலாளிதான் தீர்மானிக்க வேண்டும்.

தராசே ஒரு கிராம் கூட்டிக் காட்டினால் வரைபடத்துக்கு அது தெரியவே தெரியாது. புள்ளிகள் எல்லாம் ஒழுங்காக இருக்கும், பக்கட் எல்லாம் குறையும். தினமும் காலையில் சரியான 100 கிராம் படிக்கல் ஒன்றைத் தராசில் வைத்துப் பார்த்தால் போதும், அரை நிமிட வேலை. சில இடங்களில் அந்தப் படிக்கல், பில் தாள்கள் பறக்காமல் இருக்க மேசையில் உட்கார்ந்திருக்கிறது.