நீலமலைத் தொல்குடிகள்: அவர்தம் வாழ்வும் வறுமையும்

தமிழ் இலக்கியம் பயில்வோர்க்கு மலை புதியதொரு பொருளன்று. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி எனப் பெயர் பெற்று ஐந்திணையுள் ஒன்றாய் விளங்குவதையும், தினைப்புனமும் தேனடையும் அருவியும் புலவர் பாடல்களிற் பொலிவதையும் மாணவர் நன்கு அறிவர். ஆயின், ஏடுகளிற் காணும் குறிஞ்சியை அறிந்த அளவிற்கு, இன்று மலைகளில் வாழும் தொல்குடி மக்களை நாம் அறிந்துள்ளோமா என்பது ஐயத்திற்குரியது. அவர்களைப் பற்றிப் பேசும்போது, 'பின்தங்கியோர்' என்ற ஒரு சொல்லால் அவர்தம் வரலாறு முழுவதையும் மூடிவிடுவது நம் வழக்கமாகியுள்ளது. எப்போது பின்தங்கினர், எதனாற் பின்தங்கினர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. நீலகிரி மலைநாட்டுத் தொல்குடிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் மக்களும்

தமிழ்நாட்டின் மேற்கெல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கூடுமிடத்தில் நீலகிரி அமைந்துள்ளது. அதன் உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டா 2,637 மீற்றர் உயரமுடையது. உச்சியிற் பரந்த புல்வெளிகளும், பள்ளங்களிற் சோலைக் காடுகளும், சரிவுகளில் அடர்ந்த வனமும், மேற்கே வயநாட்டை அடுத்துக் கூடலூர்ப் பகுதியும் உள்ளன.

இந்நிலப் பாகுபாட்டிற்கு ஏற்பவே மக்களும் பிரிந்து வாழ்ந்தனர். உச்சிப் புல்வெளிகளில் எருமை மேய்த்தோர் தோதவர். அவர்தம் குடியிருப்பு 'மந்து' எனப்படும். பால்மனையே அவர்க்குக் கோயில்; எருமையே செல்வம். கோத்தர் இரும்புத் தொழிலும் மட்பாண்டத் தொழிலும் மரவேலையும் இசையும் வல்லவர். குறும்பர் காட்டிற் கிழங்கும் தேனும் சேகரித்தும், சிறு புனங்களிற் கேழ்வரகும் சாமையும் விதைத்தும் வாழ்ந்தனர். கொடியால் ஏணி கட்டிச் செங்குத்தான பாறைகளில் இறங்கி அவர் தேன் எடுக்கும் திறன் பலராலும் வியக்கப்படுவது. தாழ்ந்த சரிவுகளில் இருளரும், கூடலூர்ப் பக்கத்திற் பணியரும் காட்டுநாயக்கரும் வாழ்ந்தனர். இவ்வாறு குடியினரும் இன்று இந்திய அரசினால் மிகவும் நலிவுற்ற தொல்குடியினராகக் கொள்ளப்படுகின்றனர். இந்தியா முழுவதிலும் அத்தகைய குடிகள் 75 உள. தமிழ்நாட்டிற்குரிய ஆறும் நீலகிரியைத் தாயகமாகக் கொண்டவையே. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தோதவர் தொகை ஏறத்தாழ 2,000 மட்டுமே.

இவர்தம் மொழிகள் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எமனோ என்னும் அறிஞர் தோதவர், கோத்தர் ஆகியோர் மொழிகளை ஆராய்ந்து வெளியிட்ட நூல்கள் திராவிட ஒப்பியல் ஆய்விற்குப் பெருந்துணை புரிந்தன. எழுத்தின்மையால் அவை தாழ்ந்தவை என எண்ணுதல் தவறாகும்.

பண்டைய கொடுக்கல் வாங்கல்

இம்மக்கள் ஒருவரையொருவர் அறியாது தனித்து வாழ்ந்தவரல்லர். தோதவர் பாலும் நெய்யும் கொடுத்தனர். கோத்தர் அரிவாளும் மண்வெட்டியும் பானையும் செய்து கொடுத்ததோடு, பிறர் வீட்டுச் சாவுச் சடங்குகளில் இசையும் முழக்கினர். விசயநகரப் பேரரசின் வீழ்ச்சிக்குப் பின்னர் மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய படகர் தானியம் அளித்தனர். குறும்பர் தேனும் காட்டுப் பொருள்களும் கொடுத்தனர். தீவினை நீக்கும் சடங்குகளையும் செய்தனர். இக்கொடுக்கல் வாங்கல் குடும்பத்திற்குக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருந்தது. நாணயம் இதில் இடம்பெறவில்லை.

இவ்வேற்பாட்டில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று கூறுதல் உண்மையாகாது. குறும்பர் சூனியக்காரரென அஞ்சப்பட்டனர். அவ்வச்சத்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கொலையுண்டோரும் உளர். ஆயினும், ஒவ்வொரு குடியின் உழைப்பும் மற்றைய குடிகளுக்கு இன்றியமையாததாய் இருந்தமையின், எக்குடியும் பயனற்றதெனத் தள்ளப்படவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத் தக்கது.

நிலம் கைமாறிய வரலாறு

1819 ஆம் ஆண்டிற் கோயம்புத்தூர் ஆட்சியாளராயிருந்த ஜோன் சலிவன் இம்மலைமீது ஏறினார். குளிர்ந்த தட்பவெப்பத்தைக் கண்ட ஆங்கிலேயர் விரைவில் உதகமண்டலத்தை உறைவிடமாக்கினர். மலைநிலம் தோதவர்க்கே உரியது என்றும், அதனைக் கொள்வோர் விலை கொடுத்தல் வேண்டும் என்றும் சலிவன் வாதிட்டார். ஆயின் அரசு அதனை முழுமையாக ஏற்கவில்லை. நிலம் அரசுக்குரியது, தோதவர்க்கு மேய்ச்சல் உரிமை மட்டுமே உண்டு என்னும் கொள்கையே இறுதியில் நிலைத்தது. இவ்வேறுபாடு சொல்லளவிற் சிறிதாயினும் விளைவிற் பெரிது. உரிமையாளன் நிலத்தை மறுக்கலாம், விற்கலாம். மேய்ச்சலுக்கு இடம்பெற்றவனோ அரசு விரும்பும்போது விலகவேண்டியவன்.

குறும்பரும் இருளரும் இதனினும் இழந்தனர். அவர் ஒரு புனத்தைச் சில ஆண்டு பயிரிட்டபின், மண் வளம்பெறும் பொருட்டுப் பல ஆண்டு விட்டுவைப்பர். அவ்வாறு விடப்பட்ட புனம், நில அளவையாளர் கண்ணுக்கு ஆளற்ற தரிசாகத் தோன்றியது. தரிசு நிலம் காப்பி, தேயிலை, சின்கோனாத் தோட்டங்களுக்கு வழங்கப்பட்டது. எஞ்சிய காட்டை 1882 ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் அரசின் காப்புக் காடாக்க வழிசெய்தது. தம் மூதாதையர் தேனெடுத்த பாறையில் தேனெடுப்பதே குற்றமாகும் நிலை இவ்வாறு பிறந்தது.

விடுதலைக்குப் பின்னரும் இப்போக்கு மாறவில்லை. தொழிற்சாலைகளின் தேவைக்காகச் சீகையும் யூக்கலிப்டசும் உச்சிப் புல்வெளிகளிற் பெருமளவு நடப்பட்டன. புல்லை வெற்றிடமென்று கருதியோர், அது எருமையின் உணவென்பதையும், ஆறுகளின் ஊற்றுக்கண் என்பதையும் மறந்தனர். மேய்ச்சல் குறுகவே எருமைகள் குறைந்தன; எருமைகள் குறையவே பால்மனைச் சடங்குகளும் குறைந்தன. இன்று தோதவர் பலர் உருளைக்கிழங்கும் கரற்றும் பயிரிட்டு வாழ்கின்றனர். அவர்தம் மகளிரின் பூத்தையல் 2013 ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றமை மகிழ்தற்குரியதே. எனினும், ஒரு குடியின் துணி போற்றப்படுவதும் அதன் புல்வெளி மீட்கப்படுவதும் ஒன்றல்ல.

பழைய கொடுக்கல் வாங்கலும் உடைந்தது. கடையில் விலைக்குக் கிடைத்த இரும்புக் கருவியும் உலோகப் பாத்திரமும் கோத்தர் தொழிலைத் தளர்த்தின. உருளைக்கிழங்கு விற்றுப் பணம் கண்ட படகர்க்குத் தானியத்தைப் பங்கிடுவது சுமையாயிற்று. கொடுப்பதற்குப் பணமும் விற்பதற்கு நிலமும் இல்லாதோர், தம் உடல் உழைப்பை விற்பதைத் தவிர வேறு வழியற்றோராயினர்.

பணியர் நிலை

இவருள் மிகக் கொடிய துன்பம் உற்றவர் பணியர் எனலாம். பணி செய்வோர் என்பதே அவர் பெயரின் பொருள். வயநாட்டிலும் கூடலூரிலும் நிலவுடைமையாளரின் வயல்களில் அவர் கொத்தடிமைகளாய் உழைத்தனர். வயநாட்டில் வள்ளியூர்க்காவுத் திருவிழாக் காலத்தில், 'நில்புப் பணம்' என்ற சிறுதொகையைப் பெற்று ஓராண்டிற்குத் தம்மைப் பிணைத்துக்கொள்வது வழக்கம். தெய்வத்தின் முன்னிலையிற் பெற்ற பணமாதலின் அவ்வாக்கை மீற அவர் அஞ்சினர். 1976 ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இப்பிணைப்பைச் சட்டப்படி நீக்கியது. ஆயின், கட்டு அவிழ்ந்தவனுக்கு நிற்க நிலம் வழங்கப்படாமையின், நேற்று அடிமையாயிருந்தவன் இன்று நாட்கூலியானான். வேலை இல்லாத மழைக்காலத்தில் கடனாளியானான்.

கூடலூர் நிலங்கள் நிலம்பூர்க் கோவிலகத்தின் சன்மமாக இருந்தவை. அவற்றை அரசுடைமையாக்க 1969 ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றப்பட்டது. பெருந்தோட்ட உரிமையாளர் வழக்குத் தொடுத்தமையாற் பெரும் நிலப்பரப்பின் உரிமை பல்லாண்டுகளாக முடிவின்றிக் கிடந்தது. இவ்வழக்குகளில் எழுத்து ஆவணம் உடையோர் வாதிட்டனர். ஆவணம் இல்லாத பணியரும் காட்டுநாயக்கரும் வழக்கில் ஒரு தரப்பாகக்கூட எண்ணப்படவில்லை.

இலங்கையிலிருந்து சென்றோர்

இவ்வரலாற்றில் நம் நாட்டிற்கும் ஓர் இடம் உண்டு. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கை மலையகத்தில் வாழ்ந்த தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு சென்றோர்க்கு வேலை அளிக்கும் பொருட்டு, 1968 ஆம் ஆண்டு முதல் நீலகிரியிற் காடுகள் திருத்தப்பட்டு அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. பின்னர் அவை தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின.

பிறந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்ட ஒரு கூட்டத்தார், பிறந்த மண்ணிலேயே உரிமையிழந்த மற்றொரு கூட்டத்தாரின் காட்டிற் குடியேற்றப்பட்டனர். அங்கு அவர் 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இருவருமே ஏழைகள், இருவரிடமும் நில உரிமைப் பத்திரம் இல்லை. 2022 ஆம் ஆண்டில் அத்தோட்ட நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்கத் தமிழ்நாடு அரசு முடிவு செய்தபோது, தோட்டக் குடும்பங்கள் மீண்டும் இருப்பிட அச்சத்துக்கு உள்ளாயின. ஒப்பந்தத்தின் விளைவை மலையகத் தமிழர் துன்பமாக மட்டும் நாம் எண்ணி வந்துள்ளோம். அதன் ஒரு பங்கைக் காட்டுநாயக்கரும் பணியரும் சுமந்தனர் என்பதையும் நாம் அறிதல் கடமையாகும். பழி இரு ஏழைகள் மீதும் சாராது. ஒருவர்க்கு வாழ்வளிக்க மற்றொருவரைக் கேளாது அவர் காட்டை எடுத்த முறையையே அது சாரும்.

நோயும் கல்வியும்

1952 ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் நீலகிரித் தொல்குடியினரின் குருதியை ஆராய்ந்து, அரிவாளணுச் சோகைக்குரிய இயல்பு அவரிடம் உள்ளதைக் கண்டறிந்தனர். செங்குருதிக் கலங்கள் அரிவாள் வடிவாக வளைந்து நுண்குழாய்களை அடைப்பதால் கடும் வலியும் சோகையும் தோன்றும். தாய் தந்தை இருவரும் அவ்வியல்பைத் தாங்கியவராயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இந்நோயை முன்னரே அறிந்து பேணுதற்குக் குருதிச் சோதனையும் அண்மையில் மருத்துவமனையும் வேண்டும். ஆயின், இதனை ஒழித்தற்கான தேசியத் திட்டம் தொடங்கியதோ 2023 ஆம் ஆண்டிலேதான். கண்டறிந்ததற்கும் செயலாற்றியதற்கும் இடையில் எழுபது ஆண்டுகள் கழிந்தன.

கல்வியிலும் இடர் பலவாம். பணியர் குழந்தை வீட்டிற் பேசும் மொழி வேறு, பாடநூலின் மொழி வேறு. முதல் வகுப்பிலேயே அக்குழந்தை ஊமைபோல் ஆகிறது. ஆசிரியர் அதனை மந்தபுத்தி எனக் கொள்கிறார். வறுமையோடு இவ்விழிவும் சேரவே, மாணவர் இடையில் நின்றுவிடுகின்றனர். உயர்வகுப்பை எட்டியவர்க்கோ சாதிச் சான்றிதழ் பெறுவது மற்றொரு மலையேற்றமாகின்றது. உதவிப்பணத்திற்கும் ஒதுக்கீட்டிற்கும் அச்சான்றிதழே திறவுகோல்; அதற்காகக் கூலிவேலையை விட்டுப் பெற்றோர் பலமுறை அலுவலகம் ஏறி இறங்க வேண்டியுள்ளது.

சட்டமும் நடைமுறையும்

2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தொல்குடிகளுக்கு நேர்ந்தது 'வரலாற்று அநீதி' என வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. 2005 டிசெம்பர் 13 ஆம் நாளுக்கு முன் வன நிலத்தைக் கைக்கொண்டு வாழ்ந்த தொல்குடியினர், நான்கு ஹெக்ரேயர் வரை உரிமை பெறலாம். தேன் முதலிய சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கலாம், விற்கலாம். உரிமையை ஆராயத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கே உண்டு. ஆயின் தமிழ்நாட்டில் 2008 ஆம் ஆண்டு நீதிமன்ற இடைக்கால ஆணையால் உரிமைப் பத்திரம் வழங்கல் தடைப்பட்டது. 2016 ஆம் ஆண்டிலேதான் அத்தடை நீங்கியது. மேலும், இந்திய அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையிற் சேர்ந்த பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே, அப்பகுதிகளிற் கிராம சபைக்குச் சிறப்பதிகாரம் அளிக்கும் 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனும் நீலகிரி மக்களுக்கு இல்லை.

காட்டு விலங்குகளைப் பாதுகாத்தல் வேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இராது. முதுமலை 1940 ஆம் ஆண்டு முதற் காப்பகமாகவும், 2007 ஆம் ஆண்டு முதற் புலிகள் காப்பகமாகவும் உள்ளது. ஆயின், அக்காட்டைப் பன்னூறாண்டு அழியாது வைத்திருந்த மக்களை அதன் பகைவராகக் கருதுவது அறிவுடைமையாகாது.

இருளிடையே ஒளியும் உண்டு. 1988 ஆம் ஆண்டிற் கூடலூரில் ஆயிரக்கணக்கான தொல்குடியினர் நில உரிமை கோரி ஊர்வலமாகச் சென்றனர். அவ்வியக்கத்தின் வழியே தோன்றிய ஆதிவாசி மருத்துவமனையில் தொல்குடிப் பெண்களே பயிற்சி பெற்றுத் தாதியராய்ப் பணிபுரிகின்றனர். தாய்மொழியையும் பாட்டையும் பாடசாலைக்குள் கொணர்ந்து கற்பிக்கும் முயற்சியும் அங்கு வளர்ந்தது. பிறர் இரங்கிக் கொடுத்தபோது நில்லாத பயன், அவரே முன்னின்றபோது நிலைத்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மலைவாழ் தொல்குடிகளின் வறுமை மலையினாற் பிறந்ததன்று. சோம்பலாலும் அறியாமையாலும் பிறந்ததுமன்று. நிலமும் காடும் அவர் கையை விட்டுச் சென்ற வரலாறே அவ்வறுமையின் வரலாறு. நோயும் கல்வியின்மையும் கடனும் அதன் கிளைகள். கிளைகளுக்கு மருந்து தேடுதல் நன்றே. ஆயின் வேரைத் தொடாத உதவி ஆண்டுதோறும் புதிய உதவியையே வேண்டி நிற்கும். ஆகவே, முதலில் நில உரிமை, அதன்பின் அவர்தம் மொழியை மதிக்கும் கல்வி, அருகிலேயே மருத்துவம், இவையனைத்திலும் அவரே முடிவு செய்யும் அதிகாரம் என்ற முறைவைப்பே பொருந்துவதாகும்.

இக்கல்லூரியின் மாணவருட் பலர் நாளை ஆசிரியராகவும் மருத்துவராகவும் நில அளவையாளராகவும் நிருவாகிகளாகவும் விளங்குவர். பயிரிடப்படாத நிலம் ஒன்றை வரைபடத்தில் வெற்றிடமெனக் குறிக்கும் முன், அது யாருடைய புனம் என்று கேட்கும் பழக்கம் அவர்க்கு வேண்டும். நீலமலையில் அவ்வினாவை உரிய காலத்திற் கேட்டோர் மிகச் சிலர். கேளாது விட்டதன் விலையை அம்மக்கள் இருநூறு ஆண்டுகளாகச் செலுத்தி வருகின்றனர்.