இரண்டு பொய்களின் நடுவே

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் தலையை அசைக்காமல் படுத்திருப்பவர், படம் பிடித்தாயிற்று என்று நிம்மதி கொள்ளும் தருணத்தில், அதே தடதட ஓசை இன்னுமோர் அரை நிமிஷம் எழுந்து அடங்குமானால், முன்னது பாழாகிவிட்டதோ என்று ஐயுறுவது இயல்பே. பாழாகவில்லை, கோணலாகத்தான் விழுந்தது. அதை நிமிர்த்தவே, எதிர்ப்புறம் கோணலாகும் மற்றொரு படம் வேண்டுமென்றே எடுக்கப்படுகிறது.

இந்த இயந்திரத்துக்குக் கண் இல்லை, காதுதான் உண்டு. 3 டெஸ்லா காந்தத்துக்குள், உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் விநாடிக்குச் சுமார் 12 கோடியே 77 லட்சம் சுற்று என்ற ஸ்வரத்தில் ரேடியோ அலை எழுப்புகின்றன. காந்தபலத்தை இடத்துக்கு இடம் சிறிது ஏற்றி இறக்கினால் ஸ்வரமும் ஏறி இறங்கும், அந்த ஸ்வரபேதத்தைக் கொண்டே அது எழுந்த ஸ்தானத்தை அறியலாம் என்று 1973-ல் பால் லாட்டர்பர் காட்டிய உபாயமே இதன் ஆதாரம்.

ஆனால், நெற்றியிலும் மூக்கின் பின்னும் உள்ள அறைகளில் அடைபட்ட காற்றும், அவற்றை ஒட்டிய மூளைத் திசுவும் காந்தத்துக்கு ஒரே விதமாக வசப்படாமையால், அவ்வெல்லையில் ஸ்வரம் பிசகுகிறது. இயந்திரமோ கேட்டதை அப்படியே நம்பி வேறிடத்தில் புள்ளி வைத்துவிடுகிறது. ஒரு தளம் முழுவதையும் ஒரே மூச்சில் படித்துவிட 1977-ல் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு வகுத்த அதிவேக முறையில் இந்த அனர்த்தம் பெருகும். வரிக்கு அரை மில்லிவிநாடியாக 64 வரிகளைப் படிக்கும்போது, விநாடிக்கு 100 சுற்று என்ற பிசகு, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த பிசகு, புள்ளியை மூன்று கட்டம் தள்ளிவிடும். கட்டம் 3 மில்லிமீட்டரானால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்.

வரிகளைப் படிக்கும் திசையைத் திருப்பினால் பிசகின் அளவு மாறாது, திக்கு மட்டும் மாறும். ஒரு படத்தில் கண்களுக்கு மேலுள்ள மூளை முன்னே இழுபட்டுத் துருத்தும். மற்றதில் நசுங்கி வெள்ளைத் திட்டாய்க் குவியும். குவிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஒளி எங்கிருந்து வந்தது என்று பிரிப்பது அசாத்தியம். இழுபட்ட படத்திலோ அவை தனித்தனியே நிற்கின்றன. இரு சாட்சிகளும் எதிரெதிராக, ஒரே அளவில் பொய் சொல்வதால், மெய் நடுவில் அகப்படுகிறது. 2003-ல் ஜெஸ்பர் ஆண்டர்சன் முதலியோர் வகுத்த இக்கணிதமே, 'டாப்அப்' என்ற பெயரில் ஆக்ஸ்ஃபோர்டின் மென்பொருளில் வழங்குகிறது.

காற்றறையை ஒட்டி, ஸ்வரங்கள் ஒன்றோடொன்று முரணி அடியோடு அவிந்துபோன இடத்தை எந்தக் கணிதமும் மீட்பதில்லை. இடம் மாறியதைத்தான் திருப்பி வைக்க முடியும். எனினும், நரம்பிழைகளின் போக்கைப் படத்தில் பார்த்துக் கத்தி செல்லும் வழியை நிச்சயிக்கும் சத்திர வைத்தியருக்கு ஒரு சென்டிமீட்டர் அற்பமன்று. குழாய்க்குள் இருப்பவர் அந்த அரை நிமிஷத்தைப் பொறுத்துக்கொள்வது அதற்காகத்தான்.