அம்மன் காசும் மாலத்தீவு லாரியும்

மாலத்தீவுச் சுல்தான் மூன்றாம் முகம்மது ஷம்சுத்தீன் 1913-இல் வெளியிட்ட ‘லாரி’ என்னும் வெண்கலக் காசுகளைத் தேடிச் சேர்க்கும் நாணயப் பிரியர்கள், அவை பர்மிங்காமில் அச்சானவை என்பதை அறிவர். ஆயினும் முன்பு கையால் அடிக்கப்பட்டுவந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரத்து யந்திரங்களுக்கே சென்றது என்பது நம்மவர் பலர் கவனியாத விஷயம். ஒருபுறம் அமர்ந்த கோலத்து அம்மன் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் ‘விஜய’. மதிப்போ அணாவில் இருபதில் ஒரு பங்கு! நவராத்திரியில் அரிசியோடு தானமாக வழங்கப்பட்ட செப்புக் காசு இது. ஹிஜ்ரி 1331 என்று பொறித்த லாரியை இனங்காண்பது எளிது. ஆண்டே காணாத அம்மன் காசில், விளிம்பையும் எழுத்தையும் நோக்கிக் கையடிப்பையும் யந்திர அச்சையும் பிரித்தறிவதிலேதான் சேகரிப்போனுக்கு உண்மையான ரசம் என்பேன். பளபளப்பை விரும்பிப் புளியிட்டுத் தேய்ப்பது மட்டும் மகாபாதகம். களிம்பேறிய மேற்பரப்போடு காசின் மதிப்பும் போய்விடும்.