மோட்டார்க் காருக்குள் ஒரு மௌனம்

மோட்டார்க் கார் என்றால் எஞ்சினும் சில்லும் பிறேக்குமே என்று எண்ணியிருந்த காலம் போய்விட்டது. இன்று வீட்டு முற்றத்தில் நிற்கும் சாதாரணக் காரொன்றினுள்ளும் சிறிய கணினிகள் பல அமர்ந்திருக்கின்றன. எஞ்சினை ஆள்வதற்கு ஒன்று, கியரை மாற்றுவதற்கு ஒன்று, பிறேக்கைக் கவனிப்பதற்கு ஒன்று, கதவுக்கும் விளக்குக்கும் வேறொன்று என அவை தொழிலைப் பகுத்துக்கொண்டுள்ளன. கராஜிலுள்ளோர் இவற்றைக் ‘கொம்பியூட்டர் பெட்டி’ என்பர். நாமும் பெட்டி என்றே வழங்குவோம். இப்பெட்டிகள் ஓயாது தமக்குள் பேசிக்கொண்டிருக்கின்றன. அப்பேச்சு அறுந்தால் அறுந்த இடத்தை எவ்வாறு காண்பது என்பதே இங்கு நாம் கூற எடுத்துக்கொண்ட பொருள். பேசாத பெட்டியெல்லாம் செத்த பெட்டி என்று கொண்டு புதியது வாங்கிப் பூட்டி, குறை தீராமல் மனம் நொந்த குடும்பங்கள் உண்டு.

முன்னாளில் ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனி வயர் ஓடியது. பெட்டிகள் பெருகவே வயர்க் கட்டும் பெருத்தது. ஜெர்மனியின் பொஷ் கொம்பனியார் 1983ஆம் ஆண்டில் இதற்கு மாற்று வழி காண முற்பட்டு, 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெற்றோயிற் நகரில் நடைபெற்ற பொறியியலாளர் மாநாடொன்றில் அதனை வெளியிட்டனர். ‘கான்’ என்பது அதன் பெயர். இன்று ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் அம்முறையே வழங்குகிறது.

அதன் அமைப்பு வியக்கத்தக்க எளிமையுடையது. ஒன்றோடொன்று முறுக்கிய மெல்லிய வயர்கள் இரண்டு. பெட்டிகள் பலவும் அவ்விரண்டிலிருந்தே கிளை பெறுகின்றன. பேச்சில்லாதபோது இரு வயரிலும் ஏறக்குறைய 2.5 வோல்ற்று நிற்கும். ஒரு பெட்டி பேசும்போது ஒரு வயர் 3.5 வோல்ற்றாக உயரும், மற்றது 1.5 ஆகத் தாழும். கேட்கும் பெட்டிகள் நோக்குவது இவ்விரண்டின் வேறுபாட்டையே. வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் முறுக்கிய இரு வயரையும் ஒருபடித்தாகத் தாக்குமாதலால் வேறுபாடு கெடுவதில்லை. இரு பெட்டிகள் ஒரே கணத்தில் வாய் திறந்தால் என்ன நிகழும் என்று மாணவர் வினவலாம். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் ஓர் எண் உண்டு. சிறிய எண்ணுடையது முந்திச் செல்ல, மற்றது தானே அடங்கிப் பின்னர் மீண்டும் தொடங்கும். நம் மேடைப் பேச்சாளர் சிலர் இப்பெட்டிகளிடம் பாடங்கேட்கலாம்.

ஒரு செக்கனில் பல தடவை வரவேண்டிய செய்தி வராதொழிந்தால், அதனை எதிர்பார்த்திருந்த பெட்டி ஒரு குறியீட்டைத் தன் நினைவில் எழுதிவைக்கும். இக்குறியீடுகள் ‘யூ’ என்னும் எழுத்தில் தொடங்குவன. யூ 0100 எனின் எஞ்சினை ஆளும் பெட்டியோடும், யூ 0101 எனின் கியரை ஆளும் பெட்டியோடும், யூ 0121 எனின் சில்லு இறுகி வழுக்காமற் காக்கும் ஏ.பீ.எஸ். பெட்டியோடும் தொடர்பு அற்றது என்பது பொருள். இங்கேதான் பலரும் இடறுகின்றனர். குறியீட்டை எழுதியது பேசாத பெட்டியன்று, கேட்டிருந்த பெட்டி. வகுப்பு இடாப்பில் ஆசிரியர் இடும் குறி, மாணவன் வரவில்லை என்பதை மட்டுமே கூறும். அவனுக்குக் காய்ச்சலா, பஸ் தவறியதா என்பதைக் கூறாது.

ஆகவே எல்லாப் பெட்டிகளின் குறியீடுகளையும் ஸ்கானரால் வாசித்து ஒரு தாளில் எழுதிக்கொள்வதே முதல் வேலை. யாவும் ஒரே பெட்டியைக் குறைகூறினால், கோளாறு அப்பெட்டியிலோ அதன் கிளையிலோ அதற்கு மின்சாரம் வரும் வழியிலோ இருக்கும். எல்லாமே எல்லாவற்றையும் குறைகூறினால் பொது வயர்களை ஆராய வேண்டும். பற்றரி தளர்ந்த ஒரு காலையில் பதிந்த பழைய குறியீடுகளும் இடையே கிடக்கும். எழுதிக்கொண்ட பின் அவற்றை அழித்து, எவை திரும்பி வருகின்றன என்று பார்த்தல் வேண்டும். எழுதாமலே அழிப்பவர் சாட்சியை அழிப்பவராவர்.

நம்முடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் காரிலே ஏ.பீ.எஸ். விளக்கு எரிந்தது. ஓரிடத்திற் காட்டியபோது, பெட்டியை மாற்றவேண்டும் என்று அவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேற்பட்ட தொகையொன்றைக் கூறினர். விளக்கைப் பாராதவர் போல் ஓட்டிவிடலாமா என்றும் அவர் எண்ணினார். அது கூடாது; சாதாரண பிறேக் வேலை செய்யுமாயினும், மழை வீதியில் திடீரென மிதிக்கும்போது சில்லு வழுக்காமற் காக்கும் துணை இராது. பின்னர் முதிய எலெக்ட்ரீசியன் ஒருவர் பியூசைப் பார்த்தார். அது நன்றாக இருந்தது. பெட்டிக்கு வரும் மின்சாரமும் இருந்தது. ‘ஏர்த்’ வயரைப் பூட்டிய ஆணியைக் கழற்றியபோது நுனி முழுவதும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சுரண்டித் துடைத்து இறுக்கினார். பெட்டி பேசத் தொடங்கிற்று. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் திறந்தது. அவ்விடைக்காலத்தில் நாம் பேணி ஓட்டிய பழைய கார்களில், கடற்காற்றுப் படும் ஊர்களிற் சிறப்பாக, இத்தகைய களிம்பு அரிதன்று.

பொது வயர்களைச் சோதிக்க மல்ரிமீற்றர் ஒன்றே பெரும்பாலும் போதும். வயர்த் தொடரின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. இரண்டும் சமாந்தரமாக அமைவதால் மொத்தத் தடை 60 ஓம் என்பதைப் பௌதிக மாணவர் உடனே கணித்துவிடுவர். பற்றரியைக் கழற்றிவிட்டு, ஸ்கானர் பூட்டும் சொக்கற்றின் 6ஆம் 14ஆம் துளைகளுக்கிடையே அளந்தால் பல கார்களில் இவ்வெண் தோன்றும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்துள்ளது. பூச்சியத்தை அண்மித்தால் இரு வயரும் ஒன்றோடொன்று முட்டியுள்ளன. சில புதிய கார்களில் சொக்கற்றுக்கும் வயர்களுக்கும் இடையே ஒரு காவற்பெட்டி நிற்பதால், அங்கே இக்கணக்குச் செல்லாது.

60 ஓம் கிடைத்தமையால் யாவும் நலம் என்றும் கொள்ளலாகாது. ஒரு வயர் காரின் இரும்பில் முட்டினாலும் அவ்வெண் மாறாதே! ஆதலால் பற்றரியை மீண்டும் பூட்டிச் சாவியைத் திருப்பி, ஒவ்வொரு வயரிலும் வோல்ற்றை அளக்க வேண்டும். ஒன்றில் 2.5க்குச் சற்று மேலும், மற்றதிற் சற்றுக் கீழும் காட்டல் முறை. பூச்சியமோ 12 வோல்ற்றோ காட்டினால், மீற்றரைப் பார்த்தபடியே பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் செல்வர். எதைக் கழற்றியவுடன் அளவு சீராகிறதோ அந்தப் பெட்டியோ அதன் கிளையோதான் குற்றவாளி. பெட்டி எதனையும் கழற்றியும் சீராகாவிடின், எலி கடித்த இடத்தையோ கதவோரத்தில் நசுங்கிய வயரையோ தேட வேண்டியதுதான்.

பள்ளத்தில் விழும்போதும் மழை நாளிலும் மட்டுமே தோன்றி மறையும் கோளாறே எல்லாவற்றிலும் கொடியது. கராஜுக்குக் கொண்டுசென்றால் கார் நல்ல பிள்ளையாக நிற்கும். அப்போது எஞ்சினை ஓடவிட்டு, மீற்றரைப் பூட்டியபடியே வயர்க் கட்டைச் சாணுக்குச் சாண் அசைத்துப் பார்ப்பர். எண் துள்ளும் இடத்தில் சுற்றியுள்ள நாடாவை உரித்தால் பெரும்பாலும் அங்கேயே அறுந்த வயர் தென்படும்.